பழைய கணினியும் 1366×768 திரையும்

பழைய கணினியில் எழுத்துகள் பருத்து, படத்திலுள்ள முகங்கள் அகன்று, எல்லாம் சற்றே மங்கலாகத் தெரியத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் முதல் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் "ஒரு கார்டு போட்டுவிடலாம்" என்ற பதிலே பல நேரங்களில் கிடைக்கிறது. உறவினர், நண்பர் வீட்டுக் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து வருகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்: படம் வருகிறது, ஆனால் தவறான அளவில் வருகிறது என்றால், கார்டு கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்ல வேண்டிய செய்தி வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது வந்து சேர்ந்த செய்தியைப் பயன்படுத்தத் தெரிந்த டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கணினியில் இல்லை. இந்த இரண்டில் எது என்று தெரியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய கணினி, இன்டெல் ஜி31 சிப்செட் கொண்ட மதர்போர்டை வைத்து உள்ளூரில் அசெம்பிள் செய்யப்பட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சிப்செட்டுக்குள்ளேயே அடங்கிய ஜிஎம்ஏ 3100தான் படத்தைத் தருகிறது. உடன் வாங்கிய, கண்ணாடிப் படக்குழாய் கொண்ட கனமான சிஆர்டி மானிட்டர் பழுதானதும், 18.5 அங்குல எல்சிடி மானிட்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறை. "ரெண்டு சுழி எது, மூணு சுழி எதுன்னே தெரியலப்பா. கண்ணுதான் போயிடுச்சோன்னு டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன்" என்றார். கண்ணில் புதிதாகக் குறை எதுவும் இல்லை. மானிட்டரின் சொந்த அளவு 1366×768, அதாவது அகலத்தில் 1366, உயரத்தில் 768 பிக்சல் புள்ளிகள். கணினி அதற்கு அனுப்பிக்கொண்டிருந்ததோ 1024×768.

சிஆர்டி மானிட்டர்களுக்குச் சொந்த அளவு என்று ஒன்று கட்டாயமாக இருந்ததில்லை. எலக்ட்ரான் கற்றை திரையை வருடிச் செல்லும் வேகத்தை மாற்றினால் 640×480ஐயும் காட்டும், 1024×768ஐயும் காட்டும். எதிலும் படம் பெரிதாகக் கெட்டுவிடாது. எல்சிடி அப்படியல்ல. அதில் பிக்சல்கள் கண்ணாடியிலேயே எண்ணிக்கையாகச் செதுக்கப்பட்டுவிட்டன. 1366 பத்திகள் உள்ள திரைக்கு 1024 பத்திகள் கொண்ட படத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு பத்தியையும் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைப் பத்தி வரை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பாதிப் பிக்சல் என்று ஒன்று இல்லாததால், மானிட்டருக்குள் இருக்கும் சில்லு பக்கத்துப் பிக்சல்களின் நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுகிறது. எழுத்தின் கூர்மை போவது இந்தக் கலப்பில்தான். மேலும், உயரம் 768 என்று மாறாமலே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இதைச் சோதிக்கத் தமிழருக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஏதாவது எழுதும் செயலியைத் திறந்து, ஆய்த எழுத்தைத் தட்டி, எழுத்தளவை நூறுக்கு மேல் வையுங்கள். மூன்று புள்ளிகளும் வட்டமாக இருந்தால் திரையின் விகிதம் சரி. படுத்த முட்டை வடிவில் இருந்தால் அளவு தவறு.

தமிழ் படிப்பவர்களுக்கு இந்தக் குறை ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களைவிட அதிகமாக உறைக்கும். ன, ண, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக்காட்டுவது சிறு சுழிகளும் கொக்கிகளும்தான். வழக்கமான எழுத்தளவில் ஒரு சுழியின் உட்புற வெற்றிடம் இரண்டு மூன்று பிக்சல்தான் இருக்கும். நிறக்கலப்பு நடந்தால் அந்த வெற்றிடம் சாம்பல் நிறமாகி அடைத்துக்கொள்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், படித்தவர்கள் இடம் பார்த்துப் பொருள் கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நாள்தோறும் செய்தித்தாளை இணையத்தில் படிக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்த உழைப்பைத் திரை கொடுக்கக் கூடாது.

இதை ஒட்டிய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து சிறியதாக இருக்கிறது என்பதற்காக, வேண்டுமென்றே திரையின் அளவைக் குறைத்து வைக்கும் வீடுகள் நிறைய. எழுத்து பெரிதாகிறது என்பது சரி, ஆனால் தெளிவை விற்றுப் பருமனை வாங்குவது நல்ல வியாபாரம் அல்ல. திரையை அதன் சொந்த அளவிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் 7 முதல் இருக்கும் 125 அல்லது 150 விழுக்காட்டு எழுத்தளவைத் தேர்ந்தெடுத்தால், அதே எழுத்து அதிகப் பிக்சல்களால் வரையப்பட்டுப் பெரிதாகவும் கூர்மையாகவும் தெரியும். இணைய உலாவியில் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் விசையைத் தட்டினாலும் அதே பயன் கிடைக்கும்.

இனி, மானிட்டர் தன் அளவை எப்படிச் சொல்கிறது என்பதற்கு வருவோம், ஏனென்றால் பழுதின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் அந்த மானிட்டரின் ஜாதகம் எழுதப்பட்டிருக்கும்: யார் தயாரித்தது, எந்த ஆண்டு, அகலம் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எந்தெந்த அளவுகளைக் காட்டும், அவற்றுள் தன் சொந்த அளவு எது என்பதெல்லாம் அதில் அடங்கும். இதற்கு இடிஐடி என்று பெயர். மானிட்டர் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான வெசா இதை 1994இல் வரையறுத்தது. அடிப்படைத் தொகுதி வெறும் 128 பைட்டுகள்தான். அதன் கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு எண். 128 பைட்டுகளையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமாக வர வேண்டும். ஒரு பைட் பிசகினாலும் கணினி முழுவதையும் நம்ப மறுக்கலாம்.

இந்தச் செய்தி படம் போகும் அதே கேபிளில்தான் வருகிறது, ஆனால் வேறு கம்பிகளில். நீலநிறத் தலையுள்ள விஜிஏ கேபிளில் ஐந்து ஐந்தாக மூன்று வரிசையில் 15 பின்கள் உண்டு. 1987இல் ஐபிஎம் நிறுவனம் விஜிஏவைக் கொண்டுவந்தபோது இருந்த அதே வடிவம்தான் இன்றும் இருக்கிறது. முதல் மூன்று பின்கள் சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 ஆகிய இரண்டும் படத்தை நிலைநிறுத்தும் ஒத்திசைவுச் சைகைகள். இந்த ஐந்தும் அவற்றுக்கான தரைக் கம்பிகளும் இருந்தாலே படம் வந்துவிடும். ஜாதகத்தைக் கொண்டுவருவது 12, 15 என்ற இரண்டு பின்கள். இவற்றில் ஒன்று வளைந்தாலும் உடைந்தாலும் படம் நன்றாகவே வரும். ஆனால் எந்த மானிட்டர் மாட்டப்பட்டிருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. தெரியாத நிலையில் அது யாருக்கும் ஆபத்தில்லாத 1024×768 அல்லது 800×600ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். படம் வருகிறதே, கேபிள் சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் கேபிளை விட்டுவிட்டுக் கார்டைச் சந்தேகிப்பது இதனால்தான்.

சித்தப்பா வீட்டில் கேபிளைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அகலம் குறைந்த பக்கத்து வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவதாக இருக்க வேண்டிய பின் மடங்கி, உலோக விளிம்பின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. யாரோ தலைகீழாக வைத்து அழுத்தியிருக்க வேண்டும். இப்படி வளைந்த பின்னை நிமிர்த்த இடுக்கியைவிட, குச்சி போடாத மெக்கானிக்கல் பென்சிலின் முனை நல்லது. பின்னை அந்தக் குழாய்க்குள் செருகி மெல்ல நிமிர்த்தினால் பக்கத்துப் பின்கள் தப்பிக்கும். ஒரு முறை நிமிர்த்தலாம், இரண்டாம் முறை அது உடையும். பார்க்கும்போது 9ஆம் பின் இருக்கும் இடம் காலியாக இருந்தால் பதற வேண்டாம். பல கேபிள்களில் அதைத் தயாரிக்கும்போதே விட்டுவிடுவார்கள். மலிவான சில கேபிள்களில் 12, 15 ஆகிய பின்கள் வெளியே தெரிந்தாலும் உள்ளே கம்பி போடப்பட்டிருக்காது. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வேறு நல்ல கேபிளை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. ஒரு சிபியுவை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டிகளும், எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சில மாற்றிகளும் இதேபோல் ஜாதகத்தை மறித்துவிடுவதுண்டு, எனவே சோதிக்கும்போது அவற்றை நீக்கிவிட்டு நேராக மாட்டுங்கள்.

திரை முழுவதும் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறிவிட்டது என்று சொல்பவர்களுக்கும் இதே கேபிள்தான் விடை. நீலக் கம்பி அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை அறுந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு சாயும். சிவப்பு அறுந்தால் எல்லாம் நீலப்பச்சையாகும். தலையை லேசாக ஆட்டும்போது நிறம் வந்து வந்து போனால் ஐயமே வேண்டாம்.

கணினிக்கு ஜாதகம் கிடைத்ததா இல்லையா என்பதை அறிய விண்டோஸில் நேரான வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் மானிட்டர் என்ற பகுதியை விரித்தால், செய்தி வந்து சேர்ந்திருக்கும்போது மானிட்டரின் பெயரோ 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' என்பதோ இருக்கும். 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தால், மானிட்டரின் குரல் கணினிக்குக் கேட்கவில்லை, கேபிளைப் பாருங்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்ற கட்டளையைத் தட்டினால், மானிட்டர் சொன்ன அளவுகளின் பட்டியல் வரும். அதில் சொந்த அளவின் அருகே கூட்டல் குறி இருக்கும். கூட்டல் குறியே இல்லாமல் மூன்று நான்கு பழைய அளவுகள் மட்டும் வந்தால், செய்தி வரவில்லை என்று பொருள்.

கேபிளைச் சரிசெய்த பிறகும், சரியான அளவு பட்டியலில் வராமல் 1360×768 மட்டும் வந்து நிற்பது உண்டு. இது 1366 என்ற எண்ணின் தனிச் சிக்கல். இடிஐடியில் வழக்கமான அளவுகளைச் சுருக்கமாக எழுத ஒரு முறை இருக்கிறது. அதில் அகலத்தை எட்டால் வகுத்து, அதிலிருந்து 31ஐக் கழித்து, ஒரே பைட்டில் எழுதுவார்கள். 1024, 1280, 1600, 1920 எல்லாம் எட்டால் மீதியின்றி வகுபடும். 1366 வகுபடாது, 170 போக 6 மிஞ்சும். ஆகவே சுருக்க முறையில் 1366ஐ எழுதவே முடியாது. விரிவான முறையில் 18 பைட்டுகளைச் செலவழித்து எழுதினால்தான் முடியும். அந்த விரிவான பகுதியைச் சரியாக எழுதாத மானிட்டர்களும், அதைச் சரியாகப் படிக்காத பழைய டிரைவர்களும், எட்டால் வகுபடும் அருகிலுள்ள எண்ணாகிய 1360க்கோ 1368க்கோ போய் நின்றுவிடுகின்றன. ஆறு பிக்சல்தானே என்று விட்டுவிட முடியாது. 1360ஐ 1366ஆக இழுக்கும்போது, திரையில் சீரான இடைவெளியில் செங்குத்தான மங்கல் பட்டைகள் தோன்றும். ஒரு சொல் தெளிவாகவும் பக்கத்துச் சொல் மங்கலாகவும் இருக்கும். இது கண்ணை அதிகமாகக் களைப்பாக்கும்.

லினக்ஸில் இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. சிவிடி (cvt) என்ற கருவியிடம் 1366, 768 என்று கொடுத்தால், அதுவும் எட்டின் மடங்கைத்தான் தேடும் என்பதால் 1368×768க்கான வரியைத் தரும். அதை நம்பிப் பயனில்லை. வெசா தன் பட்டியலில் இந்த அளவுக்கென்றே தனியாக வரையறுத்திருக்கும் எண்களை நேரடியாகக் கொடுப்பது நல்லது: பிக்சல் வேகம் 85.50 மெகாஹெர்ட்ஸ், அகலத்துக்கு 1366, 1436, 1579, 1792, உயரத்துக்கு 768, 771, 774, 798. இந்த எண்கள் மந்திரம் அல்ல. 1366 பிக்சல் காட்டிய பிறகு கற்றை திரும்பிவர விடும் இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 1792; அவ்வாறே கீழே 798 வரிகள். இரண்டையும் பெருக்கி 85.5 மெகாஹெர்ட்ஸை வகுத்தால், நொடிக்கு ஏறக்குறைய 60 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது வரும். எக்ஸ்ரேண்டரின் நியூமோட் வழியாக இந்த வரியைச் சேர்த்து, ஆட்மோட் வழியாக அதை விஜிஏ வாயிலுடன் இணைத்து, அந்த அளவுக்கு மாறச் சொன்னால் வேலை முடிந்தது. கணினியை அணைத்துப் போட்டால் இது மறைந்துவிடும், ஆகவே தொடக்கத்தில் ஓடும் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எக்ஸ்ரேண்டர் வழியாகப் புது அளவைச் சேர்ப்பது பழைய எக்ஸ் சாளர முறையில்தான் நடக்கும், அதற்குப் பின் வந்த வேலண்ட் முறையில் நடக்காது. பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான சூழலை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு சரியான பிறகு, விஜிஏவில் கடைசியாக ஒன்று பாக்கி இருக்கும். விஜிஏ வழியே வருவது அலைவடிவச் சைகை. ஒவ்வொரு பிக்சலும் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதை மானிட்டரே ஊகிக்க வேண்டும். ஊகம் சற்றுத் தள்ளிப்போனால் எழுத்தின் ஓரங்கள் நடுங்கும். மானிட்டரிலுள்ள ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். ஆனால் வெற்றுக் கருப்புத் திரையிலோ ஒரே நிறப் பின்னணியிலோ அழுத்தாதீர்கள். நான்கு ஓரங்களையும் தொடும்படி எழுத்து நிறைந்த ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு அழுத்தினால்தான், படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது சரியாக அளக்கும்.

கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு காரணம், "ஆன்போர்டு மெமரி போதாது, அதனால்தான் பெரிய அளவு வரவில்லை" என்பது. ஒரு காலத்தில் இது முழு உண்மை. 1990களின் தொடக்கத்தில் 1 எம்பி நினைவகம் கொண்ட கார்டில் 1024×768ஐ 256 நிறங்களில்தான் காட்ட முடிந்தது. ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்று கணக்கிட்டாலே 7,86,432 பைட் ஆகிவிடும். இன்றைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1366×768ஐ ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று பெருக்கினால் ஏறக்குறைய 4 எம்பி. 1920×1080க்கு ஏறக்குறைய 8 எம்பி. ஜி31 போன்ற சிப்செட் தனக்குத் தேவையானதை ரேமிலிருந்து இதைவிடப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறது. விளையாட்டுக்கு நினைவகம் போதாமல் போகலாம். வெறும் அளவுக்குப் போதாமல் போவதில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லி யாராவது கார்டு விற்க வந்தால் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டுங்கள்.

கேபிள் சரி, மானிட்டரின் பெயரும் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் அளவு மாறவில்லை என்றால் பழுது டிரைவரில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் விண்டோஸ் 7இல் 'ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்' என்றோ, விண்டோஸ் 8க்குப் பிந்தையவற்றில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றோ இருந்தால், உண்மையான டிரைவர் இல்லை. கார்டின் பயாஸ் என்ற உள்ளமைந்த தொடக்க மென்பொருளில் பொதிந்துள்ள பழைய அளவுகளைக்கொண்டு விண்டோஸ் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது என்று அறிக. அந்தப் பட்டியல் பெரும்பாலும் 4:3 மானிட்டர் காலத்தில் எழுதப்பட்டது. அகலத்திரை அளவுகள் அதில் இருப்பது அரிது. அந்தப் பெயரின் பண்புகளைத் திறந்து, ஹார்டுவேர் ஐடி என்ற வரியைப் பார்த்தால் கார்டின் உண்மையான அடையாளம் கிடைக்கும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ அல்லது ஏஎம்டி. அடுத்து வரும் நான்கு எழுத்துகள் மாதிரியைச் சொல்லும். ஜி31க்கு அது 29சி2. இந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் தேடுங்கள். எல்லா டிரைவரையும் தானே கண்டுபிடித்துப் போட்டுத் தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளை நான் எந்தக் கணினியிலும் நிறுவ அனுமதிப்பதில்லை. வேண்டாதவற்றைக் கூடவே கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன.

பழைய கணினிக்குப் புதிய விண்டோஸ் ஏற்றும்போது இந்த இடத்தில்தான் ஏமாற்றம் வருகிறது. கார்டு நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும். அதற்கு டிரைவர் எழுதுவதைத் தயாரிப்பாளர் எப்போதோ நிறுத்தியிருப்பார். ஜிஎம்ஏ 3100க்கு இன்டெல் விண்டோஸ் 7க்குப் பிறகு டிரைவர் எழுதவில்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8 வரிசை முதல் ஜிஃபோர்ஸ் 210 வரையிலான கார்டுகளுக்கு விண்டோஸில் 342.01 என்ற பதிப்போடு 2016இல் கதவு சாத்தப்பட்டது. 400, 500 வரிசைகளுக்கு 2018இல் வந்த 391.35 ஏறக்குறைய கடைசி. ஏஎம்டியின் எச்டி 5000, 6000 வரிசைகள் 2015இலேயே பழைய பட்டியலுக்குப் போய்விட்டன. இவற்றுக்கெல்லாம் அந்தக் கடைசிப் பதிப்பையே தேடிப் போட வேண்டும். புதியது நல்லது என்று மேலே போனால் நிறுவலே நடக்காது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டதால், இத்தகைய கணினிகளை நான் லினக்ஸுக்கே மாற்றிக் கொடுக்கிறேன். அங்கே இன்டெல், ஏஎம்டி பழைய சில்லுகளுக்கான டிரைவர், கெர்னல் எனப்படும் அதன் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. தனியாகத் தேட வேண்டியதில்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8 முதல் 210 வரையிலான கார்டுகளுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த பழைய டிரைவர் 340.108 என்ற பதிப்போடு 2019 டிசம்பரில் நின்றுவிட்டது. புதிய கெர்னல்களில் அதை ஏற்றப் போராடுவதைவிட, 2010 முதல் கெர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த டிரைவரிடம் விட்டுவிடுவது எழுதப் படிக்க மட்டும் பயன்படும் கணினிக்குப் போதும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நிறுவும்போது திரை கருத்துப்போகும் கணினிகளில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைத் தொடக்க வரியில் சேர்க்கச் சொல்வார்கள். அது டிரைவரைத் திரையின் அளவில் கைவைக்க விடாமல் தடுக்கும் கட்டளை; படம் எப்படியாவது வரட்டும் என்பதற்கான தற்காலிக ஏற்பாடு. நிறுவிய பிறகும் அந்தச் சொல், கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப் என்ற நிரலின் அமைப்பில் தங்கிவிட்டால், என்ன செய்தாலும் திரை பெரும்பாலும் 1024×768 போன்ற பழைய அளவிலேயே நின்றுவிடும். ஆகவே முதலில் க்ரப் கோப்பைத் திறந்து அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு, அப்டேட்-க்ரப் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

உண்மையாகவே கார்டு கெடுவதும் உண்டு, அதற்கு அடையாளங்கள் வேறு. திரையில் சதுரக் கட்டங்கள், செங்குத்துக் கோடுகள், சிதறிய நிறப் புள்ளிகள் தோன்றினால், கணினியைத் தொடங்கியவுடன் பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அந்தத் திரையிலும் கோடுகள் இருந்தால் பழுது வன்பொருளில். அங்கே சுத்தமாக இருந்து, டிரைவர் ஏறிய பிறகே வந்தால் டிரைவரையும் சூட்டையும் சந்தேகியுங்கள். சூடு என்றால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். பழைய கார்டுகளில் அது தூசி அடைத்து நின்றுபோயிருப்பது மிகச் சாதாரணம். படமே வராமல், ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால், அவார்டு பயாஸ் உள்ள மதர்போர்டுகளில் அது கார்டைப் பற்றிய முறையீடு. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளை நன்கு துடைத்துவிட்டு, மறுபடி அழுத்திப் பொருத்தினால் பல கார்டுகள் உயிர் பெறுகின்றன. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தாலும் தகும். தனிக் கார்டு போட்ட கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் வாயிலிலேயே மாட்டிவைத்துவிட்டுப் படம் வரவில்லை என்பதும் நடக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

மதர்போர்டிலோ கார்டிலோ உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அவற்றை மாற்ற வேண்டும்; 2000களின் முதற்பாதியில் செய்யப்பட்ட பலகைகளில் இந்தக் குறை உலகம் முழுவதும் பரவலாக இருந்தது. கெட்ட கார்டை அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகிவிடும் என்று காட்டும் காணொளிகளைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில்லின் அடியிலுள்ள நுண்ணிய இணைப்புகள் சூட்டில் சற்று விரிந்து ஒட்டிக்கொள்வதால் சில நாள் ஓடும், பிறகு அதே இடத்தில் நின்றுவிடும். இடையில் வீட்டுச் சமையல் அடுப்பில் படியும் நச்சுப்புகை யாருக்கும் நல்லதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் கார்டு வாங்கியே தீர வேண்டும் என்றால், மதர்போர்டின் ஸ்லாட் என்ன என்று முதலில் பாருங்கள். 2004க்கு முற்பட்ட பலகை என்றால் ஏஜிபி என்ற பழைய வகை ஸ்லாட்டாக இருக்கும். அதில் இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு பொருந்தாது. தனி மின்னிணைப்பு கேட்காத ஜிடி 710 போன்ற எளிய கார்டு பழைய மின்வழங்கிக்கு ஏற்றது. அது 19 வாட்தான் எடுக்கிறது. மெல்லிய உடல் கொண்ட சிபியு என்றால் குட்டையான தகடு உடன் வருகிறதா என்று கேளுங்கள். பழைய பயாஸ் உள்ள பலகைகளில் மிகப் புதிய கார்டுகள் படம் காட்டாமல் போகக்கூடும் என்பதால், பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய கார்டு வாங்குகிறவர்கள், பெட்டியில் எழுதிய பெயரை நம்பாமல் கடையிலேயே மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய சில்லின் பயாஸில் புதிய மாதிரியின் பெயரை எழுதி விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி 2018 முதல் அத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்றே எழுதிக் காட்டுகிறது. அதை ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.